வசனமில்லாத நோயாளி

முன்னறையிலிருந்து இருமல் கேட்டது.

கத்திரி ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டுக் கவனித்தாள். அடுத்தடுத்து மூன்று இருமல், நடுவே ஓர் இழுப்பு, கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடும் முனகல். சளி பிடித்த மனிதன் இப்படி இருமமாட்டான். இது நடிகரின் இருமல். எத்தனையோ தொடர்களில் இதே இருமலை அவள் தன் கையால் வெட்டி ஒட்டியிருக்கிறாள். இரண்டாவது இருமலில் மருமகள் கையிலிருந்து தட்டு விழ வேண்டும். முனகலுக்கு வெளியே இடி இடிக்க வேண்டும், பட்டப்பகலாக இருந்தாலும் சரி.

ஆக, முன்னறையில் அவள் கணவர் யாரிடமோ நடித்துக்கொண்டிருந்தார். அதே கணவர் அவள் எதிரே கணினித் திரையிலும் இருந்தார். இரும்புக் கட்டிலில், மூக்கு வரைக்கும் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, பாதியில் நிறுத்தப்பட்ட படமாக.

கத்திரி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. ஸ்டுடியோவில் வைத்தது. இயக்குநர் கண்ணீர் மல்க எடுத்துக்கொண்டு வரும் காட்சியைக் கூடத் தயவு தாட்சண்யமில்லாமல் பாதியாக்குவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்த காலம் நெடுந்தொடர்களின் பொற்காலம். ஒரே மாடிப்படியில்தான் எல்லாக் குடும்பங்களும் ஏறி இறங்கின. திரைச்சீலையை மாற்றினால் நாயகி வீடு வில்லன் வீடாகிவிடும், பூச்சாடியை எடுத்துவிட்டால் நீதிமன்றம். அதிர்ச்சியான செய்தி வந்தால் மாமியார் ஒரு முறை திரும்பினால் போதாது, மூன்று முறை திரும்ப வேண்டும். மூன்றுக்கும் மூன்று இடி. மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று குழந்தைக்கும் தெரியும்.

அந்தத் தொடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்டுடியோ கல்யாணச் சாமான்கள் வைக்கும் கிடங்காகிவிட்டது. கத்திரி வீட்டின் பின்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு வாரம் ஒரு சிரிப்பு நிகழ்ச்சி தொகுத்துக் கொடுத்து வந்தாள். அரசியல்வாதிகள் வாய் தவறுவதும் கை தவறுவதும்தான் நிகழ்ச்சி. புதுப் பாலத்தைத் திறந்து வைத்துவிட்டு மிடுக்காக நடந்து போன ஒருவர், மறுகரையில் சாலையே இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே நின்று பேசிவிட்டுத் திரும்பி வந்தார். இன்னொருவர், காலமான முன்னாள் உறுப்பினருக்கு மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். முன்னாள் உறுப்பினர் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து, எல்லோரோடும் சேர்ந்து தானும் தலை குனிந்து நின்றார். வேறொருவர் எதிர்க்கட்சிக்காரரின் உரையை மாற்றி எடுத்து வந்து, தன்னைத்தானே ஒரு பக்கம் முழுக்கத் திட்டித் தீர்த்தார். கைதட்டல் பலமாக இருந்ததால் நிறுத்தவும் மனம் வரவில்லை.

இப்படி ஒவ்வொரு கூத்துக்கும் பின்னால் கத்திரி தன் பழைய பெட்டியிலிருந்து ஒரு மாமியாரை எடுத்து ஒட்டுவாள். மூன்று திருப்பம், மூன்று இடி. ஊரே சிரித்தது. தொகுப்பது யார் என்று நிகழ்ச்சியின் முடிவில் பெயர் போடுவதில்லை. அதுவும் அவளே கேட்டுக்கொண்ட ஏற்பாடு.

அன்று காலையில் வந்த படம் இந்த ஆண்டின் தலைசிறந்த கூத்து. ஊர்த் தலைவர் ஒரு புதிய சிறு மருத்துவமனையைத் திறந்து வைக்கிறார். ரிப்பனை வெட்டுகிறார், உள்ளே போகிறார், கட்டிலில் ஒரு நோயாளி. அது மகப்பேற்றுப் பிரிவு என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. தலைவர் குனிந்து, குழந்தைச் சட்டையும் பவுடரும் அடங்கிய தாய்சேய் நலப் பையை நோயாளியின் நெஞ்சின் மேல் வைத்து, தலையைத் தடவி, "தாயும் சேயும் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்துகிறார். துணியின் ஓரத்தில் மீசை நுனி எட்டிப் பார்க்கிறது.

கத்திரி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தயாரிப்பாளர் தொலைபேசியில் அவளை விட அதிகமாகச் சிரித்தார். மாலைக்குள் வேண்டும், இதுதான் இந்த வாரத் தலைப்பு என்றார். பக்கத்தில் ஒட்ட வேறு ஏதாவது கிடைக்குமா என்று, அதே தலைவர் முன்பு திறந்து வைத்த இரண்டு மருத்துவமனைகளின் படங்களைத் தேடி எடுத்தாள். அங்கேயும் ஒரு கட்டில். கால் ஒன்றில் நீல நிற டேப் சுற்றியிருந்தது. மூன்று படத்திலும் அதே நீல டேப். ஒரே கட்டிலை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்டுடியோ தோற்றது போ, என்று அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். மூன்று படத்திலும் கட்டிலுக்கு வெளியே தொங்கிய நோயாளியின் கை. இரண்டு விரல்கள் லேசாகத் துடித்தன, பிறகு அடங்கின.

சிரிப்பு நின்றுவிட்டது. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிச் சாவார்.

அவள் கணவரை ஸ்டுடியோவில் மூச்சு என்று கூப்பிடுவார்கள். பிணமாகப் படுத்தால் காட்சி முடியும்வரை நெஞ்சு அசையாது. அதனால் எல்லாத் தொடரிலும் அவரைச் சாகடித்தார்கள். தாத்தாவாகச் செத்தார், தோட்டக்காரராகச் செத்தார், குடும்பத்தின் மர்மம் தெரிந்த ஒரே ஆளாகப் பலமுறை செத்தார். நாயகி ஓடி வந்து மடியில் தலையைத் தாங்கி, யார் இதைச் செய்தது என்று கேட்பாள். அவர் வாயைத் திறப்பார், ஒரு சொல் வருவதற்குள் தலை சாயும், இரண்டு விரல்கள் துடித்து அடங்கும். பெயரைச் சொல்லிவிட்டால் தொடர் முடிந்துவிடுமே. இத்தனை வருஷத்தில் ஒரு முழு வசனம் அவருக்குக் கிடைத்ததில்லை. அந்த ஏக்கம் அவருக்குள் இருந்தது. குளிக்கும்போது யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வசனம் பேசுவார்.

தொடர்கள் நின்ற பிறகு சில காலம் சும்மா இருந்தார். பிறகு ஒருநாள், மேடை ஏற்பாடு செய்யும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புவார். அவளும் வாசல் வரை வந்து வழியனுப்புவாள். மேற்பார்வை என்பது படுத்துக்கொண்டு பார்ப்பது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

காலையிலிருந்து அவள் ஒரே யோசனையில் இருந்தாள். முகத்தை மங்கலாக்கிவிடலாம். அப்படிச் செய்தாலும் மீசைக்காரருக்குப் பிள்ளைப்பேற்றுப் பை என்ற வேடிக்கை அப்படியே நிற்கும், தயாரிப்பாளருக்கும் அது போதும். ஆனால் மூன்று மருத்துவமனைக்கும் ஒரே நோயாளி என்பது மறைந்துபோகும். ஒரு கட்டிலையும் ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு மருத்துவமனை என்று ஊரை ஏமாற்றுகிறார்கள் என்பதும் போய்விடும். முகத்தைக் காட்டினால் உண்மை நிற்கும், கணவர் சந்தி சிரிக்க நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் நேராகவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தாள். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

வந்திருப்பவர் யார் என்று குரலிலேயே தெரிந்தது. தலைவரின் உதவியாளர். படங்களில் தலைவருக்கு ஒரு அடி பின்னால் நின்று, அவர் தப்பாகச் சொல்வதையெல்லாம் காதில் திருத்துகிற மனிதர். வெண்ணெய் தடவிய குரல். அந்தக் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் பயம்.

விஷயத்தை அவர் சுற்றி வளைக்கவில்லை. திறப்பு விழாப் படங்களை யாரோ சேர்த்து வைத்துப் பார்ப்பதாகக் காதில் விழுந்ததாம். அது வெளியே வருவதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டுமாம். அண்ணன், அதாவது மூச்சு, கைப்பேசி முன்னால் உட்கார்ந்து, எனக்கு நெஞ்சுக் கோளாறு, மூன்று மருத்துவமனையிலும் மாறி மாறி வைத்தியம் பார்த்தேன், இன்று பூரணமாகக் குணமாகிவிட்டேன் என்று சொன்னால் போதும். ஒரே நோயாளி மூன்று இடத்தில் ஏன் என்ற கேள்விக்கே இடமிருக்காது.

மூச்சு அதற்குத்தான் மாதிரிக்கு இருமிக் காட்டியிருக்கிறார்.

"இருமல் வேண்டாம்ணே," என்றார் உதவியாளர். "குணமானவர் இருமக் கூடாது."

"அப்ப சார், முதல்ல இருமிட்டு அப்புறம் குணமாகறேன்."

"நேரா குணமாயிடுங்க."

கத்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எழுந்து, பின்னறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். கணவரின் பதிலுக்காகக் காத்திருந்தாள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது, அது அவளுக்குத் தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்றாவது சொல்லக் கூடாதா?

உதவியாளர் தொடர்ந்தார். சும்மா செய்யச் சொல்லவில்லை. தலைவரின் மைத்துனர் புதிதாக ஒரு தொலைக்காட்சி தொடங்குகிறார். முதல் நெடுந்தொடரில் ஒரு அப்பா வேஷம் இருக்கிறது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா. சாகமாட்டார். தினமும் வருவார், நாள் முழுக்கப் பேசுவார்.

"வசனமா?" என்று கேட்டார் மூச்சு.

"பக்கம் பக்கமா."

அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் கத்திரிக்கு அத்துப்படி. இத்தனை வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள். ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்து, திறந்த வாயோடு கண்ணை மூடிய மனிதர். அவருக்கு இப்போது ஒரு வாழ்நாளுக்கான வசனத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டால், அவள் வெட்டினாலும் ஒன்றுதான், ஒட்டினாலும் ஒன்றுதான். நோயாளியே குணமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்ன பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

"எங்கே, ஒரு தடவை சொல்லிப் பாருங்க," என்றார் உதவியாளர். கைப்பேசியை எதிலோ சாய்த்து வைக்கும் ஓசை கேட்டது.

"வணக்கம்," என்று தொடங்கினார் மூச்சு. "நான் ஒரு ஏழை நோயாளி."

அதற்கு மேல் கத்திரியால் நிற்க முடியவில்லை. விருட்டென்று நகர்ந்தாள். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்குவது நினைவில் இல்லை. வயர் இழுபட்டுக் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டது. தடுக்கியவள் மேசையில் கையை ஊன்றினாள், விசைப்பலகையில் ஏதோ அழுந்தியது. நின்றிருந்த படம் ஓடத் தொடங்கியது. பெட்டி பெட்டியாக இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் வீடே அதிரச் சொல்லின:

"தாயும் சேயும் நல்லா இருக்கணும்."

தொடர்ந்து கைதட்டல். தொடர்ந்து, அவள் காலையில் ஒட்டி வைத்திருந்த மூன்று இடி.

பாய்ந்து அணைத்தாள்.

"அது எங்க தலைவர் குரல்," என்றார் உதவியாளர் மெதுவாக.

"பக்கத்து வீட்டு டிவி சார்," என்று மூச்சு சமாளித்தார். பிணமாகப் படுப்பதில் இருந்த தேர்ச்சி பொய் சொல்வதில் அவருக்கு இல்லை.

கத்திரி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மூச்சு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், தேய்த்த சட்டையோடு. அவர் எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசி. உதவியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்திலிருந்த ஹெட்போனையும் பார்த்தார். விளங்கிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

"மாமியாரைத் திருப்பறது நீங்கதானா?" என்றார். "நான் ஒரு வாரம் கூட விடாம பார்க்கறேன் அண்ணி. தலைவரும் பார்ப்பார். தன்னைப் பத்தி வந்தா மட்டும் சேனலை மாத்திடுவார்."

அவள் கணவரைத்தான் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

உதவியாளருக்கு இது எதிர்பாராத அதிர்ஷ்டம். வெளியே அலைந்து தேட வேண்டியது வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அவர் குரலில் இன்னொரு கரண்டி வெண்ணெய் ஏறியது. புதுத் தொடருக்கு எடிட்டிங் செய்யவும் ஆள் வேண்டுமாம். கணவர் நடிக்க, மனைவி வெட்ட, ஒரே குடும்பமாக இருந்துவிடலாமாம். பின்னறையில் இருக்கும் அந்தப் படங்களை மட்டும் அழித்துவிட்டால் போதும். அவள் பின்னறைப் பக்கம் நகராததைக் கண்டதும், குரலை மாற்றாமலே விஷயத்தை மாற்றினார்.

"ஒருவேளை அது டிவியில வந்துடுச்சுன்னு வைங்க அண்ணி. படுத்தது யாருன்னுதான் முதல்ல கேட்பாங்க. நோயாளின்னு ஏமாத்தி மூணு இடத்துல மருந்து வாங்கிட்டார்னு நாங்களே ஒரு புகார் கொடுத்துட்டா? தலைவர் பாவம், வெகுளி, நம்பிட்டார். அண்ணன்தான் பதில் சொல்லணும்."

முகத்தை மங்கலாக்கிவிடுகிறேன், எங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லக் கத்திரி வாயெடுத்தாள். ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வந்தவரை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க. மூணு இடத்துலயும் நீங்கதானா?"

மூச்சு தலையை நிமிர்த்தினார்.

"நாலு," என்றார்.

உதவியாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நாலாவது இடத்துல உங்க சேனல்காரங்க வரலை," என்று சொல்லிவிட்டு மூச்சு எழுந்து நின்றார். பிறகு அவர் பேசினார். வெட்டுவதற்கு யாரும் இல்லாததாலோ என்னவோ, நிறுத்தாமல் பேசினார். மேற்பார்வையாளர் வேலை என்று சொன்னது பொய்யில்லையாம், முதலில் அதற்குத்தான் எடுத்தார்கள். ஒரு திறப்பு விழாவில் படுக்க வேண்டியவன் வராமல் போக, ஒப்பந்தக்காரர் அவரைப் படுக்கச் சொன்னார். அசையாமல் படுத்ததைப் பார்த்து அடுத்த முறையும் கூப்பிட்டார்கள். நடிப்புதானே, பழகின தொழில்தானே என்று போனார். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

நாலாவது இடத்தில் விழா முடிந்தது. தலைவர் போய்விட்டார். கட்டிலை லாரியில் ஏற்றினார்கள். இவரும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஏறப் போனார். அப்போது ஒரு பெண் ஓடி வந்தாள். தோளில் குழந்தை, காய்ச்சலில் துவண்டு கிடந்தது. திறப்பு விழா விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு வெகுதூரத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள். அங்கே இருந்த ஒரே நோயாளி இவர்தான். அதனால் இவரைத்தான் கேட்டாள், டாக்டர் எந்த ரூமில் இருக்கிறார் என்று.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றார் மூச்சு. கண்கள் மனைவி மேலேயே இருந்தன. "டாக்டர் இப்ப வந்துடுவார், உட்காரும்மான்னு சொன்னேன். லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டே இருந்தான். வாயில அதுதான் வந்தது. என் ஆயுசுல நான் முழுசா பேசின முதல் வசனம் அதுதான். நல்லாவே பேசியிருக்கேன் போல. அந்தப் பொண்ணு நம்பி படியில உட்கார்ந்துடுச்சு. லாரி திரும்பற வரைக்கும் பார்த்தேன். உட்கார்ந்தே இருந்தது."

கத்திரியின் கண்கள் நிறைந்தன. அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

"அண்ணே, உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார் உதவியாளர். "ஒரு நிமிஷ வேலை. சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடறேன்."

"சொல்றேன் தம்பி. போனை எடுங்க."

அதுவரை சார் என்று அழைத்தவர் தம்பி என்றதை உதவியாளர் கவனித்தாரா தெரியாது. கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டார். மூச்சு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார். இருமவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"நாலு இடத்துலயும் படுத்தது நான்தான். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. அங்க டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. கட்டில் கூட இப்ப இல்லை."

உதவியாளர் பதிவை நிறுத்தினார். அழித்தார். அழித்ததை அவர்களுக்குக் காட்டவும் செய்தார்.

"இதனால உங்களுக்கு என்ன லாபம்ணே?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

மூச்சு மனைவியிடம் திரும்பினார். "இந்தாம்மா, என் மூஞ்சியை மறைக்கறதா இருந்தியா?"

"ஆமாங்க."

"மறைக்காதே. நல்லா தெரியட்டும். புகார் கொடுத்தா கொடுக்கட்டும், நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"அந்த மாமியாரை எடுத்துடறேன்," என்றாள் கத்திரி. "இதுக்கு இடி வேண்டாம்."

"பை கொடுக்கற இடத்துல மட்டும் இருக்கட்டும்," என்றார் மூச்சு. "அங்க எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அடக்கத்தான் மூக்கு வரைக்கும் இழுத்துப் போர்த்தினேன்."

உதவியாளர் எழுந்தார். இனி அங்கே பேச ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மிரட்டுகிறவர் கத்திவிட்டுப் போனால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கொண்டு வந்து வைத்த தண்ணீரைக் குடித்து முடித்தார், செம்பை நன்றியோடு திருப்பிக் கொடுத்தார். வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஷூவை மாட்டினார். ஒரு கயிறு முடிச்சு விழுந்து சிக்கிக்கொண்டது. அவர் குனிந்து அதை அவிழ்க்கும் வரை இருவரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிமிர்ந்தவர் தெருவைப் பார்த்தார், வீட்டு எண்ணைப் பார்த்தார். கதவு நிலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு முறை கண்ணை ஓட்டினார்.

"வீடு சொந்தமா, வாடகையா அண்ணி?"

"வாடகைதான்."

"அப்படியா," என்றார். "வரேன்."

வண்டி கிளம்பும் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. பின்னறையில் கைப்பேசி அடிக்கத் தொடங்கியிருந்தது, தயாரிப்பாளராகத்தான் இருக்கும். மூச்சு மனைவியின் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றிச் சிக்கெடுத்துக் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, மறு கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.